மரத்துப்போகாத கை

என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் என்ன டாக்டர் என்பதில் சந்தேகம் உண்டு. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுக்கிறேன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. நோயாளி யாரும் என்னைத் தேடி வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள், அதுவும் வருகைப்பதிவு குறைந்தால்தான். எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணன் மெடிக்கல் வைத்திருக்கிறார். தெருக்காரர்கள் அவரிடம் மாத்திரை வாங்கிய பிறகு, போகிற போக்கில் அது சரிதானா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் வேறு ஏதாவது சொன்னால், "இல்ல மேடம், அண்ணே இதத்தான் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டு அதையே விழுங்குவார்கள்.

ஆனால் வகுப்பறையில் என்னை அசைக்க முடியாது. வலியைக் குறைக்கிற மருந்து, உடம்பை மரத்துப்போக வைக்கிற மருந்து, ஆளையே தூங்க வைக்கிற மருந்து என்று அந்தப் பகுதி வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம்தான். நரம்பின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன, அந்தக் கதவு திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் வலி என்கிற செய்தி மூளைக்கு ஓடும், பல் டாக்டர் போடுகிற ஊசி மருந்து சுவரைத் தாண்டி உள்ளே போய், உள்பக்கமாகத் தாழ் போட்டுவிடும் என்று இரண்டு கையாலும் கதவைச் சாத்திக் காட்டுவேன். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கதவு மேடம்' என்று சொல்வது எனக்குத் தெரியும். பாராசிட்டமால் வலியை எப்படிக் குறைக்கிறது என்பது இன்றுவரை முழுசாகத் தெரியாது என்று சொல்கிற அன்று மட்டும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தெரியாத விஷயத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதுதான் அவர்கள் கவலை.

வீட்டில் நிலைமை வேறு. என் மாமியார் சோழவந்தான் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. மந்திரம், தாயத்து, திருஷ்டி கழிப்பது இதெல்லாம் அவருக்கு ஜென்மப் பகை. ஐக்கியக் கூட்டத்தில் மாதம் ஒரு தடவையாவது அதைப் பற்றி ஒரு பிடி பிடித்துவிடுவார். யாருடைய வண்டியிலாவது எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். என் மருந்தியலையும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வைத்திருந்தார். முழங்கால் வலிக்கு நான் எது சொன்னாலும் கேட்டுக்கொண்டு, கடைசியில் பச்சைத் தைலத்தை எடுத்துத் தேய்ப்பார்.

அவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வீங்கிவிட்டது. நான்தான் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிப் பார்த்து, மரத்துவிட்டதா என்று கேட்டார். அத்தை இல்லை என்றார். இன்னொரு ஊசி. அதற்கும் இல்லை. மூன்றாவது ஊசி போட்டுவிட்டு, இனிமேல் மரக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லிப் பல்லைப் பிடித்தார். அத்தை போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பாடம் எடுத்தேன். வீங்கின இடத்தில் அமிலம் அதிகமாக இருக்கும், அந்த நேரத்தில் மருந்து நரம்புச் சுவரைத் தாண்டி உள்ளே போகத் தடுமாறும், அதனால் கொஞ்சம் வலி தெரிந்திருக்கும், மீதியெல்லாம் பயம் என்றேன். அத்தை வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் பதில் பேச முடியவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள் கூடும்போது அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நான்தான் நன்றாகச் சொல்வேன், டாக்டரின் முகத்தையும் நடித்துக் காட்டுவேன். அத்தைக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் நிலைத்துவிட்டது. அவரும் கூடவே சிரிப்பார்.

போன வருடம் முழங்கால் ரொம்ப மோசமாகிவிட்டது. வலி மாத்திரை ஒரு கட்டத்துக்கு மேல் கொடுக்க முடியாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், போதாததற்கு அத்தைக்கு வீசிங் வேறு. சில வலி மாத்திரைகள் மூச்சை இன்னும் இறுக்கிவிடும். மெடிக்கல் அண்ணன் எனக்குத் தெரியாமல் கொடுத்த வலி மாத்திரை அட்டையை ஒரு நாள் அத்தையின் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, அந்த அண்ணனிடமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அத்தையை மூட்டு மாற்று அறுவைக்குச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை. திருவிருந்து நாளில் எல்லோரும் முன்னால் போய் அப்பமும் ரசமும் வாங்குகிறபோது, போதகர் இறங்கிவந்து அவருக்கு மட்டும் பெஞ்சில் வைத்துக் கொடுத்தார். "நான் என்ன சீக்காளியா, எடத்துல கொண்டாந்து குடுக்க?" என்று வீட்டுக்கு வந்து பொருமினார். மறுநாளே ஆபரேஷனுக்குத் தேதி கேட்கச் சொன்னார்.

அறுவை டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னார். இந்த நெஞ்சுக்கு முழு மயக்கம் வேண்டாம். தொண்டையில் குழாயை விட்டால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளலாம், அப்புறம் சமாளிப்பது கஷ்டம். முதுகில் ஒரு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், விழித்துக்கொண்டே இருக்கலாம். அது போதும். எனக்கும் நிம்மதியாக இருந்தது. முதுகு ஊசிதான் என் கதவுப் பாடத்தின் உச்சக்கட்டம்.

மயக்க மருந்து டாக்டராக வந்தவன் என் பழைய மாணவன். எழுமலைக்காரன். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் காட்டு வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். என் பாடத்தில் முதல் தடவை அவனை நான்தான் ஃபெயில் போட்டேன். இப்போது நான் கரும்பலகையில் எழுதுகிற மருந்துகளையெல்லாம் அவன் தினமும் கையால் கொடுக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

அத்தையின் அறையில் அன்றைக்குக் கூட்டம். மாமனார் இருந்தார். பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் சாத்துக்குடியோடு வந்திருந்தார்கள். ஒருவர் கூட்டத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அக்கா, குரல் வராண்டாவரை கேட்கும். இன்னொருவர் ஓய்வுபெற்ற டீச்சர், அதிகம் பேசாதவர். மாணவன் வரிசையாகக் கேட்டான். பொய்ப்பல் இருக்கிறதா, என்னென்ன மாத்திரை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "தேள் கீள் எதுவும் கொட்டிருக்காம்மா?" என்றான்.

அத்தை அந்த இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "இல்லய்யா. எங்களுக்கென்ன தேளு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எந்தப் புத்தகத்துலப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல இல்லீங்க மேடம். எங்க ஊர்ப்பக்கம் காட்டு வேலை செய்றவங்களுக்கு முதுகுல ஊசி போட்டா சில பேருக்கு ஏறவே மாட்டேங்குது. விசாரிச்சா அம்புட்டுப் பேருக்கும் எப்பவோ தேள் கொட்டிருக்கு. அதான் எல்லார்ட்டயும் கேட்டுக்கிறது. வேணும்னா கையில கொஞ்சமா போட்டுப் பாத்துரலாம்."

"அதெல்லாம் வேணாம். அவங்கதான் இல்லங்கிறாங்களே."

"சரிங்க மேடம்" என்று ஃபைலை மூடிவிட்டான். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை எவ்வளவு பெரிய டாக்டரானாலும், பாடம் எடுத்தவர் வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாது. அன்றைக்கு அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது, அவன் மேல் இல்லை.

மறுநாள் காலையில் ஆபரேஷன். அன்று சாயந்திரம் ஐக்கியத்துப் பெண்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அத்தை மாமாவைக் கூப்பிட்டுப் பனங்கற்கண்டு வாங்கிவரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அது கிடைக்காது என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"கதவச் சாத்திட்டு வா" என்றார் என்னிடம். சாத்திவிட்டு வந்தேன். "உன்ட்ட ஒண்ணு சொல்லணும். நீ ஜெபத்துல கொஞ்சம் முன்னப்பின்னதான். அதனாலதான் உன்ட்டச் சொல்ல முடியும்."

தேள் கொட்டியிருந்தது. ஒரு தடவை இல்லை, ஒரே நாளில் இரண்டு தடவை. முப்பது வருடத்துக்கும் மேலே ஆகிறது. பள்ளிக்கூட ஆபீசில் பழைய வருகைப்பதிவேடுகள் அடுக்கின அலமாரியில் கையை விட்டபோது கட்டைவிரலில் கொட்டிவிட்டது. உதறினதில் மணிக்கட்டில் ஏறி இன்னொரு கொட்டு. வலி தோள்வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் அப்போதுதான் போயிருந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேன் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒருவர் வேப்பிலையால் தடவி, வாய்க்குள்ளேயே என்னவோ முணுமுணுத்து, நெற்றியிலும் கையிலும் திருநீறு பூசி அனுப்பினார். அத்தை வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, குளவி கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் ஐக்கியத்தில் மந்திரத்தைப் பிடிபிடியென்று பிடிக்க ஆரம்பித்தது.

"வலி போச்சா அத்தை?" என்றேன்.

"போச்சு. அதுதான வம்பு. போகாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

தேள் கொட்டின வலி பெரும்பாலானவர்களுக்கு நேரம் போகப் போகத் தானாகவே குறையும் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படியோ அடக்கிக்கொண்டேன். அத்தை கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"பல்லுக்கு மூணு ஊசி போட்டும் ஏறலைல்ல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த மந்திரம் உள்ளயே கெடக்கு, மருந்த விட மாட்டேங்குது. நாளைக்கு முதுகுலயும் ஏறாது. அவங்க காலை அறுக்க ஆரம்பிப்பாங்க, நான் கத்துவேன். நீங்க அம்புட்டுப் பேரும் மறுபடி பயந்தாங்கொள்ளிம்பீங்க."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்குப் பல்லு புடுங்குனப்ப நெசமாவே வலிச்சுச்சா அத்தை?"

"பின்ன, வெளையாட்டுக்கா கத்துனேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வலியைப் பற்றி இத்தனை வருடம் பாடம் எடுக்கிறேன், என் பக்கத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு வலித்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததோடு விட்டேனா, அதை நடித்துக் காட்டிச் சிரிப்பும் வாங்கியிருக்கிறேன்.

"மன்னிச்சிருங்க அத்தை" என்றேன்.

"சரி விடு. இப்ப என்ன செய்யப் போற, அதச் சொல்லு."

மாணவனிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். அத்தை யோசித்தார். "தேளைச் சொல்லிக்க. மத்ததெல்லாம் சொல்லாத." தேள் போதும், வேப்பிலைக்கு ஃபைலில் இடமில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் மாணவன் கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். அதற்குள் நான் என் போனில் தேடிப் பார்த்திருந்தேன். தேள் கொட்டினவர்களுக்கு மரத்துப்போகும் மருந்து வேலை செய்யவில்லை என்று நம் நாட்டு டாக்டர்களே அங்கங்கே சின்னச் சின்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் என்பது இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தலையில் குட்டின மாதிரி ஒன்று உறைத்தது. தேளின் விஷம் வேலை செய்வதும் அதே சோடியம் கதவுகளில்தான், அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மரத்துப்போகும் மருந்தை ஒரு வாரமும் விஷங்களை வேறொரு வாரமும் வருடா வருடம் நடத்துகிறேன். இரண்டும் ஒரே கதவு என்பது எனக்குத் தெரியும், ஆனால் இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்து நினைத்ததில்லை.

மாணவன் சின்ன ஊசியால் அத்தையின் முன்கையில் தோலுக்கு அடியில் கொஞ்சம் மருந்து ஏற்றினான். கொசு கடித்த அளவுக்கு ஒரு தடிப்பு. ஐந்து நிமிடம் கழித்து ஊசி முனையால் தொட்டான். "குத்துது" என்றார் அத்தை. பத்து நிமிடம் கழித்துத் தொட்டான். "இப்பவும் குத்துது." அடுத்த கையிலும் போட்டான். அதிலும் குத்தியது.

அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏய்யா, மருந்து தேதி முடிஞ்சதா இருக்கப் போவுது. பாத்துட்டியா?"

தேதி சரியாக இருந்தது. "எனக்குப் போடு" என்று கையை நீட்டினேன். மாணவன் தயங்கினான். ஃபெயில் போட்ட மேடத்துக்கு ஊசி போட யாருக்குத்தான் வாய்க்கும், போடு என்றேன். புது ஊசியை எடுத்து, அதே குப்பியிலிருந்து அதே அளவு போட்டான். இரண்டு நிமிடத்தில் அந்த இடம் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அத்தையே ஊசி முனையை வாங்கி என் கையில் குத்திப் பார்த்தார்.

"தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல அத்தை."

"இதுவுமா?" இன்னும் கொஞ்சம் அழுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தை என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆபரேஷனுக்கு வழி இல்லை என்று ஆகிக்கொண்டிருக்கிறது, அவருக்கு அது பற்றிக் கவலையே இல்லை. "ஊசி ஏறலைன்னு சொன்னேன்ல. நான் பொய் சொல்லலைல்ல" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கும்தான்.

இனி முழு மயக்கம்தான். எந்த மயக்கத்தைக் கொடுக்கக் கூடாது என்று அறுவை டாக்டர் சொன்னாரோ அதேதான். மாணவன் பதறவில்லை. "பாதியில பதறியடிச்சுக் குடுக்குற மயக்கம்தான் மேடம் ஆபத்து. முன்னாலயே தெரிஞ்சுக்கிட்டு, நெஞ்சைத் தயார் பண்ணிக் குடுத்தா அது வேற. ரெண்டு நாள் டயம் வாங்கிக் குடுங்க" என்றான். தேதியைத் தள்ளிப் போட்டோம். அந்த இரண்டு நாளும் அத்தைக்கு மூச்சுக்குழலைத் தளர்த்துகிற மருந்தைப் புகையாகப் பிடித்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்து பலூன் ஊதச் சொன்னாள். அத்தை ஊதி ஊதி அதைக் கட்டில் கம்பியில் கட்டி வைத்தார்.

மாணவன் போட்ட திட்டத்தைப் பார்த்தபோது அவனை ஃபெயில் போட்டது எந்தக் கேள்விக்கு என்று யோசித்தேன். கெட்டமைன் முதலில். மற்ற மயக்க மருந்துகள் மூச்சை அமுக்கும், இது அமுக்காது. மூச்சுக்குழலையும் விரித்துக் கொடுக்கும், வலியையும் அடக்கும். ஒரே ஒரு தொந்தரவு, கண்டபடி கனவு வரும். அதற்கும் சேர்த்துத் தூக்க மருந்து கொஞ்சம். அப்புறம் மூச்சுக்குழலைத் தளர்த்துகிற மயக்க வாயு. தொண்டைக்குள் ஆழமாகக் குழாய் விடாமல் மேலேயே உட்கார்ந்துகொள்கிற ஒரு மூச்சுக் கருவி. நான் வகுப்பில் தனித்தனி அட்டவணையாகப் போடுகிற மருந்துகளை அவன் அத்தையின் நெஞ்சுக்கு என்று அளவெடுத்துத் தைத்திருந்தான்.

உள்ளே கொண்டுபோன பிறகு நானும் மாமாவும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு மருந்தும் என்னென்ன விபரீதம் செய்யும் என்று எனக்கு மனப்பாடம், அதுதான் கஷ்டம். மாமா அதெல்லாம் தெரியாமல் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"தேளுங்கிறாங்க. குளவின்னுல்ல அன்னைக்குச் சொன்னா."

நான் தியேட்டர் கதவைப் பார்த்தேன்.

"வேப்பிலை வாசம் அடிச்சுச்சு. காதுக்குப் பின்னால துன்னூறும் கொஞ்சம் இருந்துச்சு. சரி, வலி விட்டுருச்சே, அது போதும்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு எழுந்து டீ வாங்கப் போனார்.

இரண்டரை மணி நேரம் கழித்து மாணவன் வெளியே வந்தான். சிரித்துக்கொண்டே வந்ததால் பாதி தூரத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நெஞ்சு ஒரு தடவைகூட இறுகவில்லை என்றான். அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் எந்த மாணவனையும் நான் தொட்டுப் பாராட்டியதில்லை.

அத்தை கண் விழித்ததும் என்னைக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு, "மாட்டுத்தாவணி மாதிரியே இருக்கு" என்றார். எது என்று கேட்டேன். "பரலோகம். அம்புட்டு பஸ்ஸும் காலியா நிக்கிது. கண்டக்டரு ஒருத்தரும் இல்ல. எதுல வேணாலும் ஏறிக்கலாம்." கெட்டமைன் கனவு பயங்கரமாக இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். உட்கார இடம் கிடைக்கிற பஸ் ஸ்டாண்டு வரும் என்று எங்கேயும் எழுதவில்லை.

சாயந்திரம் வாக்கில் மயக்கத்தின் மிச்சம் எல்லாம் இறங்கிவிட்டது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு லேசாகத் தலையை ஆட்டினார். மணியை அடித்தேன். வந்த நர்ஸ் நல்ல பெண், சுறுசுறுப்பானவள். நாடியைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள்.

"மூட்டுக்குள்ளயே மரக்குற மருந்து போட்டுத்தான் தைச்சிருக்காங்க மேடம். எல்லாருக்கும் போடுறதுதான். அதனால இம்புட்டு வலி இருக்காது. கொஞ்சம் பயந்திருக்காங்க, அவ்வளவுதான்."

ஆட்டோவில் நான் எடுத்த பாடம் இதேதான். அறுவை டாக்டர் பழக்கத்தில் அந்த மருந்தையும் போட்டிருக்கிறார், அத்தையின் உடம்புக்கு அது வெறும் தண்ணீர். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் என்னைப் போல் எத்தனை பேரோ.

"சிஸ்டர், அந்த மருந்து இவங்களுக்கு ஏறாது. ஏறினாலும் ஏறாட்டியும், இவங்க வலிக்குதுங்கிறாங்க. வலிக்குது. டாக்டருக்குப் போன் போடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, வகுப்பறைக் குரல்.

அவள் போன் செய்தாள். மாணவன் ஃபென்டனிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னான். வீசிங் இருப்பதால் மார்ஃபின் வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தான். இந்த மருந்துக்கு நரம்பின் கதவோடு வேலை இல்லை. அது முதுகுத்தண்டிலும் மூளையிலும் வேறு வாசல் வழியாகப் போகிறது, அங்கே தேளுக்கு வேலையில்லை. பத்து நிமிடத்தில் அத்தையின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அத்தையை வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்து, ஜன்னலிலிருந்து கட்டிலுக்குத் திரும்பினார். நடந்துவிட்ட தெம்பில், அன்று வந்த ஐக்கியத்துப் பெண்கள் இரண்டு பேரிடமும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தேள், சைக்கிள் கேரியர், கொடிக்கால், வேப்பிலை, திருநீறு, வாய்க்கால், குளவி என்று ஒன்றையும் விடவில்லை.

பாட்டு அக்கா சாத்துக்குடி உரிப்பதை நிறுத்தினார். "எந்தக் கொடிக்கால்க்கா? வாய்க்கா ஓரத்துல, மோட்டார் ரூமுக்குப் பக்கத்துலயா?"

"ஆமா."

"ஆளு நல்ல ஒசரம். பேசவே மாட்டாரு."

"ஆமா, உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா தன் புறங்காலைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முந்தி, களையெடுக்கையில எனக்கு இங்க கொட்டுச்சு. எங்கம்மாதான் கூட்டிட்டுப் போச்சு" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. அத்தை அவரைப் பார்த்தார், அவர் அத்தையைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்ததில், அறுவைக் கட்டு வலிக்கிறது என்று அத்தை கெஞ்சுகிறவரைக்கும் அது நிற்கவில்லை.

அத்தைக்காக நான் அன்று காலையில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுவதற்கு, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும். இவருக்குத் தேள் கொட்டியிருக்கிறது. மரத்துப்போகும் ஊசி இவருக்கு ஏறவில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறோம். வலிக்கிறது என்று இவர் சொன்னால் நம்பவும். அவ்வளவுதான், கீழே என் கையெழுத்து. பாட்டு அக்கா அதை வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். ஊசி ஏறுமா என்று முதலில் உங்கள் கையில் சோதித்துப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தேன்.

அதிகம் பேசாத அந்த டீச்சர் அத்தையின் அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். பிறகு எனக்கும் ஒன்று எழுதித் தர முடியுமா என்றார்.

"உங்களுக்கும் தேள் கொட்டிருக்கா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, எனக்குத் தேளெல்லாம் ஒண்ணும் கொட்டல" என்றார். "அந்தக் கடைசி வரி மட்டும் போதும்."

எழுதிக் கொடுத்தேன்.